கெண்டைக்காலில் விழுந்த உதை

போன வருடம் பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் நடந்தது இது. ஆராதனையும் காணிக்கைப் பொருட்களின் ஏலமும் முடிந்தபிறகு கல்யாணமான ஆண்களுக்கு வடம் இழுக்கும் போட்டி வைப்பது வழக்கம். பூவாறில் சுற்றுலாப் படகு ஓட்டும் என் கணவருக்கு வயது ஐம்பது. வடத்தைக் கண்டால் இருபதாகிவிடும். வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

மூன்றாவது இழுப்பில் இடது கெண்டைக்காலில் ‘டப்’பென்று ஒரு உதை விழுந்ததாம். வடத்தை விட்டுவிட்டுத் திரும்பினார். நேர் பின்னால் நின்றது என் தம்பி.

“எலே, என்னத்துக்கு என்னச் சவிட்டின?”

“நான் சவிட்டல்ல அத்தான், சத்தியமாட்டு!”

சபையே வேடிக்கை பார்த்தது. நானும் சும்மா இருந்தேனா? “சின்னதுலயே உனக்குக் கால் அடங்காது மக்கா” என்று தம்பியைத்தான் திட்டினேன். அவன் முகம் கறுத்துப்போய், பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் தைலக் குப்பி இருக்கும்போது ஆஸ்பத்திரி எதற்கு என்றார் இவர். நானும் சரியென்று தினமும் இரண்டு வேளை அழுத்தித் தேய்த்தேன். அவர் அலறினால், “வலிச்சாத்தான் குணமாகும், சும்மா கிடயும்” என்று இன்னும் அழுத்துவேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

இதற்கிடையில் தம்பியின் புதுவீட்டுப் பிரதிஷ்டை வந்தது, பாதிரியார் ஜெபித்துக் குடிபுகும் நாள். வாசலில் நின்றே அழைத்துவிட்டுப் போனான். “சவிட்டினவன் வீட்டுல எனக்கென்ன சோலி?” என்றார் இவர். ஒரே அக்கா நான். இவரோடு சண்டைபோட்டுச் சலித்து, கடைசியில் நானும் போகவில்லை.

நீலம் பாரித்துக் கணுக்கால் வரை இறங்கிய பிறகுதான் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா காலைத் தொடுமுன்பே கேட்டார்: “பின்னால ஆரோ சவிட்டினது போல இருந்துதா?”

“போல இல்ல டாக்டரே, சவிட்டினானாக்கும்!”

அவர் சிரித்துவிட்டார். கெண்டைச் சதை திடீரென்று கிழியும்போது உதை விழுந்தது போலத்தான் இருக்குமாம். நிறையப் பேர் திரும்பிப் பார்த்து யாரையாவது திட்டுவார்களாம். அடுத்து, தேய்த்தது யார் என்று கேட்டார். கிழிந்த சதையைத் தேய்த்தால் உள்ளே இன்னும் ரத்தம் கசியுமாம். நான் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே ஊன்றுகோலோடு தம்பி வீட்டுக்குப் போனோம். இவர் வாய் திறக்குமுன் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். “இரியும் அத்தான், கால நீட்டும்.”

கூடத்துச் சுவரில் பிரதிஷ்டைப் படத்தைப் பெரிதாக மாட்டியிருந்தான். பாதிரியார் முதல் பந்தல்காரர் வரை அதில் உண்டு, நாங்கள் இருவரும் இல்லை. கால் இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என்மேல்தான் எனக்கு எரிச்சல் வருகிறது. அவன் சத்தியம் செய்தபோது அத்தான் நம்பாதது போகட்டும், கூடப்பிறந்த நான் நம்பியிருக்க வேண்டாமா?