ஒரு கல்லுக்கு நாற்பது நத்தை

பேரன் கைபேசியில் ஏதோ சுரங்கம் தோண்டுகிறான். முகம் தெரியாத பிள்ளைகள் பதினான்கு பேர் கூடவே தோண்டுகிறார்களாம். "வைரம் கெடைக்கிறதே கஷ்டம் தாத்தா, அதான் ஒண்ணுக்கு அம்பது இரும்பு" என்றான். இந்த விலை நிர்ணயத்தை நான் ஒன்பது வயதிலேயே செய்து, அதில் நொடித்தும் போயிருக்கிறேன்.

எங்கள் ஊர் திருப்பனந்தாளுக்குக் கிழக்கே நான்கு மைல். முழுக்க வண்டல். நாய் துரத்தினால் எறியக்கூடக் கல் கிடைக்காது. மண்ணாங்கட்டியைத்தான் எறிய வேண்டும்; அதை எந்த நாயும் மதிப்பதில்லை. கோடையில் வாய்க்கால் வற்றியதும் தெருப்பிள்ளைகள் பதினொரு பேரும் இறங்கித் தோண்டுவோம். நூறு கூடை மண்ணை எண்ணிக் கொட்டிப் பார்த்தேன். நத்தைக்கூடு எண்பது, ஓட்டுச்சில்லு பதினாறு, கல் இரண்டே இரண்டு. ஆகவே ஒரு கல்லுக்கு எட்டுச் சில்லு அல்லது நாற்பது நத்தை என்று அறிவித்தேன். மற்றவர்களுக்கு வகுத்தல் வராததால் எதிர்ப்பு எழவில்லை.

அத்தை மகள் என்னைவிட எட்டு மாதம் பெரியவள். அவளிடம் சிங்கப்பூரிலிருந்து வந்த நான்கு நிறப் பேனா இருந்தது. அதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு கல் கேட்டாள். என்னிடம் ஒன்பதுதான்.

ஒரு நாள் அவளே இறங்கி வந்தாள். "சரி, ஒம்போதையும் குடு. மிச்சம் மூணு அப்பறமா தா."

நான் யோசித்தேன். அடுத்த வாரம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். தோண்ட முடியாது. கல் விலை ஏறும். "அடுத்த வாரம் நீ அஞ்சு கல்லுக்கே குடுப்ப பாரு" என்றேன்.

அன்று மதியம் மாமா சாப்பிட வந்திருந்தார். அம்மாவின் தம்பி, ரோடு காண்ட்ராக்ட் எடுப்பவர். கல்லின் விலையைக் கேட்டதும் அவருக்குப் புரையேறிவிட்டது. "மாப்ள, ஒரு லோடு என்ன வெலைக்கு எடுத்துக்குவீங்க?"

லோடு என்றால் எத்தனை என்று கேட்டேன்.

"நாளைக்கு நீங்களே எண்ணிக்கங்க."

மறுநாள் காலை தெருமுனையில் லாரி வந்து, ரோடு போட ஜல்லியைக் கொட்டியது. எல்லாரும் பாவாடையிலும் டவுசர் பையிலும் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் உட்கார்ந்து எண்ணினேன். எண்ணூற்று நாற்பது வரை எண்ணியும் குவியல் குறைந்தாற்போலவே இல்லை. அழுகை வந்துவிட்டது.

அத்தை மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒன் ஒம்போது கல்லயும் குடுடா" என்று பேனாவை என் சட்டைப்பையில் செருகினாள்.

"அங்கதான் சும்மா கெடக்குதே?"

"குடுன்னா குடு."

எண்ணிக் கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டாள். இப்படிக் கணக்கே வராத ஒருத்தி வாழ்க்கையில் என்ன செய்யப் போகிறாளோ என்று, அன்று முழுவதும் எனக்கு அவள்மேல் ஒரே பரிதாபம்.