எஞ்சின் ஆறும் வரை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் காரைச் சோதித்துச் சொல்ல ஓர் அக்காவைக் கையோடு கூட்டிப் போவார்கள். பெயின்ட், டயர் எல்லாம் அவருக்குப் பிறகுதான். முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் திரும்பி நடந்துவிடுவார். ஆறிக் கிடக்கும் எஞ்சினைக் கிளப்பும்போதுதான் உள்ளே தேய்ந்துபோன செயின் கடகடவென்று சத்தம் போடும். முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றிவிட்டால் அது காதில் விழாது.

அன்று வாங்க வந்தவன் அவருடைய சொந்தத் தம்பி. ஆம்புலன்ஸ் ஓட்டிப் பதினோரு வருடம் சேர்த்ததையெல்லாம் இந்தச் சிவப்புக் காரில் போட இருந்தான். பானெட்டோ சுட்டது.

"கெளம்புடா," என்றார் அக்கா.

காரை விற்கும் பல் டாக்டர் தலையைச் சொறிந்தார். "ஏமாத்தலைங்க. கொடுக்கப் போறோமேன்னு கடைசியா ஒரு சுத்து போயிட்டு வந்தேன்."

"இந்தக் கதைய நெறய கேட்டாச்சு சார்."

தம்பியின் முகம் வாடியது. அதைப் பார்த்த அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "சரி, ஆறட்டும்."

சாயங்காலம் வரை டாக்டர் வீட்டு கார் ஷெட்டை விட்டு அவர் நகரவில்லை. அடிபட்டு மாற்றிய கதவா என்று டார்ச் அடித்து, போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் தேடினார், இல்லை. பானெட் சில்லிட்டதும், "ஸ்டார்ட் பண்ணுடா," என்றார். எஞ்சின் உறுமியது. அக்கா கண்ணை மூடிக் கேட்டார். கடகட சத்தமே இல்லை.

"வாங்கிக்கோ."

தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டர் எஞ்சினை அணைத்து, சாவியை உருவி அவனிடம் நீட்டினார், விரல்கள்தான் விடவில்லை.

"விடுங்க," என்றார் வீட்டுக்குள்ளிருந்து வந்த டாக்டரின் மனைவி. "காலையில மட்டும் நாலு தடவ கடைசி சுத்து போயாச்சு. பல்லு புடுங்கறப்ப என்னைக்காவது இவ்வளவு யோசிச்சிருக்கீங்களா?"