ரேடியேட்டரில் குமிழி

கலூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு பழைய கார், பானெட்டைத் திறந்தபடி நின்றது. எஞ்சின் சூடேறும் முன்பே ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி கிளம்பியது. "எஞ்சினை நிறுத்துங்க சேட்டா" என்று ஓட்டுநரிடம் சொல்லும்வரை எனக்கு நிலைகொள்ளவில்லை.

என்னைப் பள்ளியில் சேர்க்கும் காலையில், கொச்சங்காடியில் அப்பாவின் டாக்சியிலும் இப்படித்தான் குமிழி வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போகும் முதல் ஆள் நான். காரில்தான் போய் இறங்குவோம் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

தினமும் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றும் அம்மா, ஆயில் மூடியைத் திருகிப் பார்த்தாள். அடியில் பால்சாயா நிறத்தில் பசை.

"ஆயில்ல தண்ணி கலந்தாச்சு. தண்ணியைத் தடுக்கிற ஹெட் கேஸ்கெட் போச்சு."

"மெதுவா ஓட்டினா போதும்டீ."

"எஞ்சினே போயிடும். அப்புறம் எதை ஓட்டி இவளைப் படிக்க வைப்பீங்க?"

அப்பா பக்கத்து வொர்க்‌ஷாப்பில் சாவியைக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் நின்றபடி, "கிளட்சைத் தேச்சே கொல்றான்" என்று டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

"சும்மா வாங்க, இறக்கி விட்டுடுவான்" என்றாள் அம்மா.

பள்ளியில் டீச்சர் அப்பாவின் தொழிலைக் கேட்டார்.

"டாக்சி டிரைவர்" என்றார் அப்பா. டீச்சர் எழுதி முடித்துவிட்டார். அப்பா நகரவில்லை.

"வண்டி வொர்க்‌ஷாப்ல இருக்கு டீச்சரே. இல்லாட்டி கார்லதான் வந்திருப்போம்."