தண்ணீர்த் தொட்டியில் நாற்பது சக்கரங்கள்

இரும்பு வார்க்கும் அந்த ஃபவுண்டரியில் எல்லோரும் அவளைத் தராசக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பம்புக்குள் சுழலும் சக்கரங்களை எடை போட்டு அனுப்புவது அவள் வேலை. ஏழு கிலோ இருநூறு கிராம் இருந்தால் சக்கரம் பாஸ். வேறு சோதனை கிடையாது.

அந்த வேலையை அவள் கேட்டு வாங்கியதே சக்கரம் வார்க்கும் மேஸ்திரியின் குடுமியைப் பிடிக்கத்தான். போன வருடம் பம்பில் மாட்டும்போது ஒரு சக்கரம் உடைந்து தெறித்து, அவள் தம்பியின் மூன்று விரல்களைக் கொண்டுபோனது. "பய கண்ணுமண்ணு தெரியாம முறுக்கிட்டான்" என்று சொல்லிவிட்டார் மேஸ்திரி. தம்பிக்கு விரலும் போயிற்று, வேலையும் போயிற்று, பெயரும் போயிற்று.

ஒரு நாள் மேஸ்திரி வார்த்த சக்கரத்தைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். விளிம்பு நூலிழை அளவு தடித்திருந்தது. தராசோ அதே ஏழு இருநூறு காட்டியது. உருவம் பெருத்தும் எடை ஏறவில்லையென்றால், உள்ளே எங்கோ காற்று குடியிருக்கிறது. குமிழி விழுந்த சக்கரம் எடையில் மாட்டிக்கொள்ளும் என்று, வார்ப்பு அச்சையே அகலமாக்கி எடையைச் சரிக்கட்டியிருந்தார் மனுஷன்.

அன்றே முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் தனியறையில் சொன்னால் தனியறையிலேயே அமுக்கிவிடுவார்கள். பதினோரு நாள் அவர் சக்கரங்களை மட்டும் வெளியே அனுப்பாமல் அலமாரியின் பின்வரிசையில் சேர்த்தாள். நாற்பது ஆனது.

சரக்கு வாங்குகிறவர்களும் முதலாளியும் தொழிலாளிகள் அத்தனை பேரும் கூடியிருந்த நேரம் பார்த்து, மூக்கு வைத்த தொட்டி ஒன்றைத் தளும்பத் தளும்ப நிரப்பி நடுக்கூடத்தில் வைத்தாள். நல்ல சக்கரம் ஒன்றை இறக்கினாள். மூக்கு வழியாக வழிந்த தண்ணீர் அளவுக் குவளையில் சரியாக ஒரு லிட்டர்.

"இப்ப உங்களுது, மேஸ்திரி. நீங்களே இறக்குங்க."

"குளிப்பாட்டுறதா என் வேலை?"

"பெத்தது நீங்கதானே. வேற யாரு குளிப்பாட்டுவா?"

கூட்டம் சிரித்தது. மேஸ்திரி இறக்கினார். ஒரு லிட்டர், அதற்கு மேல் எண்பது மில்லி. எடை அதேதான், இடம் மட்டும் கூடுதல். அந்த எண்பது மில்லிக்கு உள்ளே இரும்பே இல்லை.

முதலாளி சம்மட்டியால் ஒரே போடு போட்டார். பிளந்த சக்கரத்துக்குள் பொத்தல் பொத்தலாக இருந்தது.

மேஸ்திரி அவள் பக்கம் குனிந்தார். "விட்டுடும்மா. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

"என் தம்பி மேல தப்பில்லன்னு சொல்லுங்க."

முணுமுணுத்தார்.

"கேக்கல."

சத்தமாகச் சொன்னார். முதலாளி போதும் என்று கையைக் காட்டினார். தராசக்காவுக்குப் போதவில்லை. தொட்டியை மறுபடி நிரப்பினாள்.

"இன்னும் முப்பத்தொம்பது இருக்கு. தூக்குங்க, மேஸ்திரி."