ராசா வேசம்

என் கணவர் கூத்துக்காரர். நாயாற்றில் எங்கள் சனம் எல்லாம் மீன்பிடிதான், அவரும் அதுதான் செய்தார். ஆனால் தொழில் என்ன என்று யாரும் கேட்டால் "நடிகன்" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாது.

மாதா கோயில் பெருநாள் கூத்தில் பெண்கள் மேடையேறுவதில்லை. இவர் மெலிந்த உடம்பு. கலியாணமாகிப் பன்னிரண்டு வருடமும் இவருக்கு ராணி வேசம்தான். கட்டுவது என் கூறைச்சேலை. "உன்ர மனுசன் உன்னைவிட வடிவடி" என்று கிணற்றடியில் பெண்கள் நக்கலடிப்பார்கள். அந்த வெட்கத்தில் நான் ஒரு கூத்துக்கும் போனதில்லை.

"ஒருக்கா ராசாவா வந்தாப் போதுமப்பா" என்பார் இவர்.

கடலில் இறங்கத் தடை இருந்த ஒரு வருடம், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ராசா வேசத்தை இவருக்குக் கொடுத்தார். மூன்று மாதம் பழகினார். வீட்டில் அரிசி இல்லை. தடை இல்லாத களப்பு ஏரியில் இறால் பட்டது. ஆனால் மாரிக் குளிரில் நெஞ்சளவு தண்ணீரில் நின்று வலை வீச வேண்டும். தொண்டைக்குப் பயந்து இவர் போகவில்லை.

வாய் திறவாத நான் அன்று திறந்தேன். "பாட்டுப் பாடினா உலை கொதிக்குமே? பிள்ளையளைப் பாருங்கோ."

வலையை எடுத்துக்கொண்டு போனார். ஐந்து நாள் போனார். நாங்கள் சாப்பிட்டோம்.

வேச உடுப்போடு கடைசியாகப் பழகும் நாளில், முதற்பாட்டிலேயே குரல் உடைந்துவிட்டது. கொத்தமல்லி அவித்துக் குடித்தும் வரவில்லை. அந்த முறை ராணிக்குப் பழகியவருக்கு ராசாவின் பாட்டும் மனப்பாடம்; ராசா வேசம் அவருக்குப் போனது.

"தம்பி, கோவிக்காதை. ராணிக்குப் பாட்டுக் குறைவு. நீ அதையே கட்டு" என்றாராம் அண்ணாவியார்.

வந்து சேலையைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். என்னால்தான் என்று சொல்ல வந்து, சேலைக்குக் குத்தும் ஊசியையும் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தக் கூத்துக்குத்தான் முதன்முதலாகப் போனேன். கடைசி வரிசையில் தலையை மூடிக்கொண்டு இருந்தேன். செத்துக் கிடந்த ராசாவுக்கு முன்னால் ராணி ஒப்பாரி வைத்தாள். கரகரத்த குரல் இழுபட்டு இழுபட்டு அறுந்தது. சனம் விக்கி விக்கி அழுதது. "இப்பிடி ஒரு நடிப்பு நான் காணேல்லையடி" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

விடிய வீட்டுக்கு வந்தார். முகப்பூச்சு இன்னும் கழுவவில்லை.

"வந்தனீரோ?"

"ஓம்."

"எப்பிடி?"

"எல்லாரும் அழுதவை."

சேலையை மடித்து என்னிடம் தந்தார்.

"அப்ப இனிச் சாகுமட்டும் ராணிதானப்பா" என்றார்.