இரண்டு அட்டை மாத்திரைகள்

செம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் அக்கா அன்று கூடையை இறக்காமலே கேட்டார்.

"இன்னா டீச்சர், ரெண்டு மாசமா மீனே வாங்கல?"

"வயித்துல புண்ணுக்கா. டாக்டர் வாய் வழியா குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னாரு. இப்பத்தான் ஆறிட்டு வருது."

"எனக்குந்தான் கீது. வெறும் வயித்துல குத்தும், துன்னா அடங்கிடும். ஆறு மாசமா மெடிக்கல்ல வாங்கி முழுங்கிகினு கீறேன்."

இடுப்பிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். ரானிடிடின். நானும் மூன்று வருடம் அதைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே போய் இப்போது டாக்டர் எனக்குக் கொடுத்திருக்கும் பான்டோபிரசோல் அட்டையை எடுத்து வந்து இரண்டையும் காம்பவுண்டு சுவர்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"ரெண்டும் ஆசிட்டைக் குறைக்கறதுதான்கா. ஆனா என்னோடது இன்னும் நல்லா அடக்கும், புண்ணு சீக்கிரம் ஆறும்னு டாக்டர் சொன்னாரு."

"அப்ப அதுல பத்து குடேன்!"

கொடுத்திருப்பேன். ஆனால் என் புண்ணுக்குக் காரணம் ஒரு கிருமி. அதற்குத் தனி மருந்து சாப்பிட்ட பிறகுதான் எனக்கே குணம் தெரிந்தது. அவருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் எப்படிக் கொடுப்பது?

சனிக்கிழமை அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். குழாயைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "கடல்ல போனாக்கூட எனக்கு பயமில்ல டீச்சர், இது வேணாம்." நான் கையை விடவில்லை. அவருக்கும் முன்சிறுகுடலில் புண், அதே கிருமி.

பதினான்கு நாளைக்கு இரண்டு ஆன்டிபயாட்டிக்கும் பான்டோபிரசோலும் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் என் வாசலில் வந்து நின்றார்.

"வாயெல்லாம் கசக்குது. குத்தலும் நின்னுபோச்சு. இதோட வுட்டுடறேன்."

"நானும் ஒருவாட்டி அப்படி நடுவுல விட்டேன்கா. திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு."

முறைத்தார். ஆனாலும் நிறுத்தவில்லை. பதினான்கு நாளும் மீன் விற்ற காசு போடும் பையிலேயே மாத்திரையும் இருந்தது. அதன் பிறகும் டாக்டர் சொன்னபடி பான்டோபிரசோலை மட்டும் காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டார்கள். இந்த முறை என்னை வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். நான் நகம் கடித்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்தது. என்னைப் பார்க்கக்கூட இல்லை. பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்து, மீன் கூவுகிற அதே குரலில் சொன்னார்:

"இன்னாத்துக்கு பயந்துகினு கீறீங்க? போங்க உள்ள! எனக்குப் புண்ணே இல்லயாம்!"

பெஞ்சில் இருந்த ஒருவர் கைதட்டினார். நானும் தட்டினேன்.