அண்ணன் கொண்டுவந்த கண்ணாடி

சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் சுவிஸிலிருந்து வந்த அண்ணன், தர்மபுரத்தில் எங்கள் மண்வீட்டுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று கொண்டுவந்தான். சூரியக் கதிர் போலச் சுற்றிவர நீளநீளமாய் வெள்ளிநிறக் கம்பிகள், நடுவில் உள்ளங்கை அளவு கண்ணாடி. ஒரு கண் தெரிந்தால் மற்றக் கண் தெரியாது.

"இதில பாத்து எப்பிடித் தலை சீவி இழுக்கிறது?" என்று கேட்டேன்.

"இது மொடர்ன் டிசைன். வடிவுக்கு மாட்டுறது," என்றான்.

ஆணி அடித்தால் மண்சுவர் உதிர்ந்தது. பனந்தூணில் அதைக் கட்டிவிட்டு, மூன்று கிழமையில் திரும்பிப் போய்விட்டான். அம்மா ஒவ்வொரு நாளும் சேலைத் தலைப்பால் அந்தக் கம்பிகளைத் துடைத்தார்.

சண்டை நெருங்கி ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று, பக்கத்து வீட்டாரின் உழவு இயந்திரப் பெட்டியில் எங்களுக்கு ஒரு மூலைதான் கிடைத்தது. என் தையல் மெசினை ஏற்றினேன். அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. அம்மா அதை இறக்கச் சொன்னார்.

"இது பட்டா கண்ணாடிக் கம்பி வளைஞ்சிடும். அவன் வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

இறக்கினேன். கண்ணாடி போனது. இரண்டு இடம் தாண்டி, மூன்றாவது இடத்தில் செல் குண்டு விழுந்து அது நொறுங்கியது.

வவுனியா முகாமில்தான் அண்ணனோடு போனில் கதைக்கக் கிடைத்தது. அம்மா எடுத்த எடுப்பிலேயே அழுதார். "தம்பி, உன்ர கண்ணாடியைக் காப்பாத்த ஏலாமப் போச்சு."

"எந்தக் கண்ணாடி, அம்மா?"

போனைப் பறித்து எறியலாம் போல இருந்தது எனக்கு. அம்மாவோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்குப் பொறுமையாய் விளங்கப்படுத்தத் தொடங்கினார்.

"சுத்திவரக் கம்பி, தம்பி. நடுவில சின்னதா..."